கிட்ஹப் காப்பைலட் பிசினஸ்: 55.8 விழுக்காட்டை நம்பி வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு கோலாலம்பூர் மென்பொருள் நிறுவனம், கோட் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் காப்பைலட்டின் பிசினஸ் திட்டத்தை வாங்கலாம். ஆனால் பத்துப் பேருக்கும் முதல் மாதமே வாங்க வேண்டியதில்லை. விற்பனை ஸ்லைடுகளில் வரும் 55 விழுக்காடு என்ற வேக எண்ணை நம்பி வாடிக்கையாளரிடம் ஒரு நாள் முன்னதாகக்கூடத் தேதி கொடுக்கக் கூடாது.

கருவி வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. எவ்வளவு, யாருக்கு, எந்த மாதிரி கோடில் என்று கேட்கும்போதுதான் பதில் சிக்கலாகிறது. வசதிகளைப் பட்டியல் போடும் விமர்சனங்கள் ஏராளம். அந்தக் கருவிக்கு ஆதரவாகக் காட்டப்படும் சான்று எத்தனை கனம் தாங்கும் என்பதே இங்கே முக்கியப் பேச்சு.

விலையை முடித்துவிடுவோம். 2025 நிலவரப்படி பிசினஸ் திட்டம் ஆளுக்கு மாதம் 19 அமெரிக்க டாலர். தனியாள் திட்டம் 10, எண்டர்பிரைஸ் 39. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரியிலிருந்து சேவை வரி இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. பில்லிலேயே வரி ஏறியிருந்தால் கவலையில்லை. ஏறாமல் வந்தால் இறக்குமதிச் சேவை என்று நிறுவனமே கணக்குக் காட்ட வேண்டிவரும்; சேவை வரிக்குப் பதிவு செய்யாதவர்களுக்கு அதற்கான படிவம் எஸ்எஸ்டி-02ஏ. முதல் பில் வந்ததுமே கணக்காளரிடம் காட்டிவிடுங்கள். வரியோடு ஆளுக்கு 20.52 டாலர், டாலருக்கு 4.20 ரிங்கிட் என்று வைத்தால் 86 ரிங்கிட் சொச்சம்.

ஒரு டெவலப்பருக்கு இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் சேர்த்து மாதம் 8,000 ரிங்கிட், 176 மணி நேரம் வேலை என்று எடுத்துக்கொண்டால் மணிக்கு 45 ரிங்கிட். மாதத்தில் இரண்டு மணி நேரம் மிச்சமானால் சந்தாக் காசு திரும்பிவிடும். ஆகவே 19 டாலர் அதிகமா குறைவா என்று கூட்டம் போட்டு விவாதிக்கும் நேரத்திலேயே சந்தாவைவிட அதிகம் செலவாகிவிடும். செலவு உண்மையில் ஏறும் இடம் ரிவியூ, அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் வேலை.

எண்கள் யாருடையவை

காப்பைலட் என்றதும் எல்லோரும் சொல்வது 55 விழுக்காடு. அது கற்பனை எண் இல்லை. கிட்ஹப், மைக்ரோசாஃப்ட், எம்ஐடி ஆய்வாளர்கள் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட ஒரு கட்டுப்பாட்டுச் சோதனையின் முடிவு. ஃப்ரீலான்ஸ் வேலைத் தளமான அப்வொர்க் வழியாக 95 டெவலப்பர்களைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை: ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வரை (இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரலை) முடிந்தவரை வேகமாக எழுத வேண்டும். காப்பைலட் கிடைத்தவர்களுக்குச் சராசரியாக 71 நிமிடம், கிடைக்காதவர்களுக்கு 161 நிமிடம். வித்தியாசம் 55.8 விழுக்காடு. விளம்பரத்துக்கு வராத இன்னொரு வரியும் அதே ஆய்வில் இருக்கிறது: 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 21-லிருந்து 89 வரை. பலன் ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம், பத்தில் ஒன்பது பங்கை நெருங்கவும் செய்யலாம். 95 பேரை வைத்து அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது.

வேலையின் தன்மையையும் பாருங்கள். புதிதாகத் தொடங்கும் கோட். பத்து வருடப் பழைய டேட்டாபேஸ் இல்லை, இரண்டு பேர் மாறி மாறி எழுதிவிட்டுப்போன பில்லிங் மாட்யூல் இல்லை, "போன மாசம் சொன்னதை மாத்துங்க" என்று வாட்ஸ்அப் அனுப்பும் வாடிக்கையாளரும் இல்லை. எச்டிடிபி சர்வர் என்பது பொதுவெளியில் எண்ணற்ற முறை எழுதப்பட்ட ஒன்று. மாடலுக்கு அது கிட்டத்தட்ட மனப்பாடம்.

இரண்டாவது சான்று இதைவிட நம்பத்தக்கது. மைக்ரோசாஃப்ட், அக்செஞ்சர், பெயர் வெளியிடப்படாத ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் ஆகிய மூன்றிலும் மொத்தம் 4,867 டெவலப்பர்களை வைத்து, அவர்கள் அன்றாட வேலையிலேயே, யாருக்கு முதலில் கருவி கிடைக்கும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து பார்த்தார்கள். முடித்த வேலைகள் 26.08 விழுக்காடு கூடின. அந்த எண் எவ்வளவு நிச்சயமற்றது என்பதைக் காட்டும் நியமப் பிழை 10.3. அனுபவம் குறைந்தவர்கள் கருவியை அதிகம் எடுத்துக்கொண்டார்கள், பலனும் அவர்களுக்கே அதிகம். வேலையை அளந்தது பெரும்பாலும் புல் ரிக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் தொகுப்பு) எண்ணிக்கையால். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரே வேலையை இரண்டு சின்னப் புல் ரிக்வெஸ்டாகப் பிரித்தாலும் அந்த எண் கூடும். எண் கூடியதற்கு அதுதான் காரணம் என்று சொல்லவில்லை. உங்கள் அலுவலகத்தில் அதே அளவுகோலை வைத்தால் முதலில் நடக்கப்போவது அந்தப் பிரிப்புதான் என்கிறோம்.

மூன்றாவது 2025 ஜூலையில் எம்இடிஆர் என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்டது. இதில் கருவி காப்பைலட் அல்ல, இன்னொரு ஏஐ எடிட்டரான கர்சர் புரோ. மாடல்கள் பெரும்பாலும் கிளாட் 3.5, 3.7 சானெட். 16 அனுபவமிக்க டெவலப்பர்கள், பல வருடங்களாகத் தாங்களே பங்களித்துவரும் பெரிய திறந்த மூலத் திட்டங்கள், 246 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்று குலுக்கல். தொடங்குமுன் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். எல்லாம் முடிந்தபின் 20 விழுக்காடு மிச்சமானதாக நம்பினார்கள். கடிகாரம் காட்டியதோ 19 விழுக்காடு கூடுதல் நேரம்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. முதலாவதில் அந்நியமான, தெளிவான, சின்ன வேலை. மூன்றாவதில் டெவலப்பருக்குத் தலைகீழாகத் தெரிந்த, எழுதி வைக்கப்படாத வழக்கங்கள் நிறைந்த, மிகப் பெரிய கோட். உள்ளே இருப்பவருக்கு எதை எங்கே மாற்ற வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும்; அதை ஒரு கருவிக்கு விளக்கிச் சொல்வதும், அது கொடுத்ததைப் படித்துத் திருத்துவதுமே அவருக்குக் கூடுதல் வேலை. அந்த ஆய்வில் ஏஐ கொடுத்தவற்றில் 44 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டன. தங்கள் முடிவு எல்லாருக்கும் பொருந்தாது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். மாடல்களும் அதற்குப்பின் மாறிவிட்டன. ஆனால் உணர்வுக்கும் கடிகாரத்துக்கும் இடையே விழுந்த 39 புள்ளி இடைவெளியை அப்படித் தள்ளிவிட முடியாது. "வேகமாப் போகுது அண்ணே" என்று குழுவில் எல்லோரும் சொல்வதை வைத்து மட்டும் சந்தாவைப் புதுப்பிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

காப்பைலட்டின் நிர்வாகப் பக்கத்தில் ஏற்பு விகிதம் என்று ஓர் எண் கிடைக்கிறது: காட்டிய பரிந்துரைகளில் எத்தனை ஏற்கப்பட்டன என்பது. 2022-ல் கிட்ஹப் ஆய்வாளர்கள் 2,631 பேரிடம் கேட்டு, உற்பத்தித்திறன் கூடியதாக டெவலப்பர் உணர்வதோடு மிக நன்றாக ஒத்துப்போவது இந்த விகிதமே என்று காட்டினார்கள். கவனியுங்கள், உணர்வதோடுதான். ஒரு பரிந்துரையை டேப் தட்டி ஏற்றுக்கொண்டு அரை மணி நேரம் கழித்து முழுதாக அழித்தாலும் அது ஏற்பு என்றே பதிவாகும். முதலாளிக்குக் காட்டும் அறிக்கையில் இந்த எண்ணை மேலே வைப்பவர்கள் திருப்தியை அளந்துவிட்டு வேகம் என்று பெயர் வைக்கிறார்கள்.

சான்று இருந்தும் வாங்காதது, இல்லாமலே வாங்கியது

மைக்ரோசாஃப்டில் 564 பேரிடம் எடுத்து 2016-ல் வெளியான ஒரு கருத்தாய்வு இந்தத் துறையின் முகத்தில் கண்ணாடி காட்டியது. டெவலப்பர்களின் உறுதியான நம்பிக்கைகள் முதலில் சொந்த அனுபவத்திலிருந்தும் அடுத்துச் சக ஊழியர் சொல்வதிலிருந்தும் வருகின்றன. ஆய்வுக் கட்டுரை வெகு கீழே. அந்த நம்பிக்கைகள் அவரவர் திட்டத்தின் தரவோடுகூட எப்போதும் பொருந்தவில்லை. நம் ஊரிலும் கதை வேறில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் பக்கத்து அலுவலகத்து நண்பர் சொல்லும் ஒரு வரி, நானூறு பக்க அறிக்கையைவிட வேகமாகச் சந்தா வாங்க வைக்கும். இதைக் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. நண்பருக்கு உங்கள் மாதிரியான வாடிக்கையாளர்கள், உங்கள் மாதிரியான பழைய பிஎச்பி கோட். சூழல் நெருக்கம் அவர் சொல்லுக்குப் பலம். அவர் எதையும் அளக்கவில்லை என்பதுதான் அதன் பலவீனம்.

டெஸ்ட்டை முதலில் எழுதும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் மூன்று குழுக்கள், ஐபிஎம்மின் ஒரு குழு ஆகியவற்றைப் பார்த்த 2008 ஆய்வு, வெளியீட்டுக்கு முந்தைய பிழை அடர்த்தி 40-லிருந்து 90 விழுக்காடு வரை குறைந்ததாகச் சொல்கிறது. விலை, ஆரம்ப வேலை நேரம் 15 முதல் 35 விழுக்காடு கூடுதல். நான்கே குழுக்கள்தான் என்றாலும் மோசமான சான்று இல்லை. ஆனாலும் அதைத் தினசரி வழக்கமாக வைத்திருக்கும் குழுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காப்பைலட்டோ தொழில்நுட்ப முன்னோட்டம் வந்த 2021 ஜூனிலிருந்து, நல்ல சோதனை ஒன்று வெளியாகும் முன்பே பரவிவிட்டது. காரணம் சான்றின் அளவில் இல்லை, பலன் கண்ணில் படும் நேரத்தில் இருக்கிறது. டெஸ்ட் எழுதுபவருக்குச் செலவு இன்றைக்கே தெரிகிறது; வராமல்போன பிழையை யாரும் பார்ப்பதில்லை. காப்பைலட்டில் பலன் அரை நொடியில் சாம்பல் நிற எழுத்தாகத் திரையில் வந்து நிற்கிறது. செலவு மூன்று வாரம் கழித்து வேறொருவர் ரிவியூவில், அல்லது ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளரின் புகாரில் வருகிறது. கருவியை மதிப்பிடுபவர் செய்ய வேண்டியது இந்தப் பின்னால் வரும் செலவை இழுத்து முன்னால் வைப்பது.

அந்தச் செலவு எங்கே வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2021-ல் வெளியான ஒரு பாதுகாப்பு ஆய்வு 89 சூழல்களைக் கொடுத்து அன்றைய காப்பைலட்டிடம் 1,689 நிரல்களை எழுத வைத்தது; சுமார் 40 விழுக்காட்டில் பாதுகாப்பு ஓட்டை. இன்றைய மாடல்களுக்கு அதே எண்ணை ஒட்டுவது நியாயமில்லை. ஸ்டான்ஃபோர்டில் 47 பேரை வைத்துச் செய்த சோதனை இன்னும் சங்கடமானது: ஏஐ உதவி பெற்றவர்கள் பாதுகாப்புக் குறைந்த கோட் எழுதினார்கள், அதே சமயம் தங்கள் கோட் பாதுகாப்பானது என்று அதிகம் நம்பினார்கள். மென்பொருள் குழுக்களின் செயல்பாட்டை ஆராயும் டோரா அமைப்பின் 2024 அறிக்கை ஏஐ பயன்பாடு 25 விழுக்காடு கூடும்போது வெளியீட்டு நிலைத்தன்மை 7.2 விழுக்காடு குறைவதோடு தொடர்பு இருப்பதாகக் கணக்கிட்டது. அது கருத்தாய்வுத் தொடர்பு, காரண காரியம் அல்ல. என்றாலும் திசை ஒன்றாகவே இருக்கிறது.

கருவியில் எது நன்றாக இருக்கிறது

கோட் வரிகளை நிரப்புவது இன்றும் இதன் சிறந்த பகுதி. டெஸ்ட் கோப்பில் முதல் இரண்டு டெஸ்ட்டுகளை நீங்கள் எழுதினால் மீதியை அதே பாணியில் கொடுத்துவிடும். ஒரு டேட்டா அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கோட், எஸ்க்யூஎல் மைக்ரேஷன், ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைச் சரிபார்க்கும் விதி), ஷெல் ஸ்கிரிப்ட் போன்றவற்றில் தாராளமாக நம்பலாம், ஏனென்றால் தவறினால் உடனே தெரியும். அரட்டைப் பகுதி பழகாத கோடைப் படித்து விளக்கச் சொல்ல ஏற்றது. புதிதாகச் சேர்ந்த தம்பிக்கோ தங்கைக்கோ இதுவே பெரிய உதவி. 26 விழுக்காடு ஆய்வில் புதியவர்களுக்குப் பலன் அதிகம் என்பதோடும் இது ஒத்துப்போகிறது.

ஏஜென்ட் முறை வேறு கதை. இதில் கருவி தானாகவே வேலை பார்த்து, ஒரே கட்டளைக்குப் பத்துப் பதினைந்து கோப்புகளை மாற்றும். எழுதும் நேரம் சரிந்து ரிவியூ நேரம் ஏறுவது இங்கேதான். ஒரு புல் ரிக்வெஸ்டில் 400 வரிக்கு மேல் மாற்றம் இருந்தால் திருப்பி அனுப்புவது என்று கருவி வாங்கும் முன்பே விதி வையுங்கள். அதற்கு மேல் போனால் ரிவியூ செய்பவர் படிப்பதை விட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்று அழுத்த ஆரம்பித்துவிடுவார். 2025-ல் பிசினஸ் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 300 பிரீமியம் கோரிக்கைகள் (உயர்நிலை மாடல்களிடம் கேட்பதற்கான கணக்கு) இருந்தன. தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 0.04 டாலர் என்பது 2025 ஜூனில் வந்த கணக்கு. கனமான மாடல்கள் ஒரே கேள்விக்குப் பல கோரிக்கைகளை விழுங்கின. கூடுதல் செலவு வரம்பை முதல் மாதம் பூஜ்யத்திலேயே வைத்திருங்கள்.

உள்ளூர் வேலையில் இடறும் இடங்கள்

மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் நம் ஊர் விதிகளை வைத்துச் சோதிக்கவில்லை. கோலாலம்பூர் வேலைக்கு ஏற்ற பரீட்சையை நீங்களேதான் வைக்க வேண்டும். கீழே வருபவை எந்த ஏஐ உதவியாளரையும் உரசிப் பார்க்க நல்லவை.

வாடிக்கையாளர் பதிவுப் படிவம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளும், எழுத்தும் இடைவெளியும் மட்டுமே ஏற்கும் ஒரு ரெஜெக்ஸும் வந்தால் வியப்பில்லை. ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) போட்ட பெயருடைய யாரும் அந்தப் படிவத்தைத் தாண்ட முடியாது. சாய்வுக் கோடு மாட்டிக்கொள்ளும். பெயர் ஒரே பெட்டி, மைகார்டில் (அடையாள அட்டையில்) உள்ளபடி என்று கருவி படிக்கும் குறிப்புக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

வரிக் கணக்குப் போடும் கோடைக் கேளுங்கள். சேவை வரி 6-லிருந்து 8 ஆனது 2024 மார்ச் 1-ல். ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம் 6-லேயே நின்றன; தளவாடச் சேவைகள் புதிதாக 6-ல் சேர்ந்தன. விகிதத்தை ஒரே மாறிலியாக எழுதித் தந்தால் தவறு. சேவை வகையும் தேதியும் சேர்ந்து விகிதத்தைத் தீர்மானிக்கும் அட்டவணை வர வேண்டும். 2018-லேயே விடைபெற்ற ஜிஎஸ்டி எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்றும் தேடுங்கள்.

இ-இன்வாய்ஸ் இன்னும் நல்ல பரீட்சை. வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் வைத்திருக்கும் மைஇன்வாய்ஸ் ஏபிஐயில் (செயலிகள் இன்வாய்ஸ் அனுப்பும் இணைப்பில்) ஒரு சமர்ப்பிப்புக்கு அதிகபட்சம் 100 ஆவணங்கள், மொத்தம் 5 எம்பி, ஆவணம் ஒன்றுக்கு 300 கேபி. மூன்று வரம்பையும் பார்த்துப் பிரித்து அனுப்பும் கோட் வருகிறதா, இல்லை நூறை மட்டும் எண்ணிவிட்டு நிற்கிறதா? மாநிலக் குறியீட்டை முழு எண்ணாக வைத்தால் பினாங்கின் 07 வெறும் 7 ஆகிவிடும். கோலாலம்பூரின் 14-ஐ மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம் என்பதை இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ணும் கோடும் வரக்கூடும். இவற்றில் எதற்கும் கம்பைலர் கத்தாது. டெஸ்ட்டையும் அதே கருவியை வைத்து எழுதினால் டெஸ்ட்டும் அதே தவற்றோடு பச்சை விளக்குக் காட்டும்.

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டும் செயலி என்றால் இன்னொன்று. யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பெயரை 20 குறியோடு வெட்டச் சொன்னால் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து வெட்டிவிடும். எழுத்துக் கொத்தாக வெட்டச் சொல்லித் தெளிவாகக் கேட்டால் சரியாகச் செய்கிறது.

சொந்தமாகச் சோதிக்கும் முறை

ஐந்து லைசென்ஸ், எட்டு முதல் பன்னிரண்டு வாரம். முதலில் கடந்த ஆறு மாத டிக்கெட்டுகளை (பதிவு செய்து வைத்த வேலைகளை) எடுத்து, தொடங்கியதிலிருந்து மெர்ஜ் ஆகும்வரை (முதன்மைக் கோடில் சேரும்வரை) ஆன நேரம், ரிவியூ சுற்றுகள், மீண்டும் திறக்கப்பட்டவை ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு, ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் வரையான வேலைகளை மட்டும் சோதனைக்கு எடுங்கள். டெவலப்பர் டிக்கெட்டை எடுத்து, எத்தனை மணி ஆகும் என்று எழுதிய பிறகுதான் ஏஐ உண்டா இல்லையா என்ற குலுக்கல். முன்கூட்டியே குலுக்கினால் பிடித்த வேலையெல்லாம் ஏஐ பக்கம் போய்ச் சேரும். சோதனை அங்கேயே செத்துவிடும். "இல்லை" என்று விழுந்தால் விஎஸ் கோடின் கீழ்ப் பட்டையில் உள்ள காப்பைலட் சின்னத்தில் அணைத்துவிட வேண்டும், உலாவியில் வேறு ஏஐயைத் திறந்து கேட்பதும் கூடாது. ரிவியூ செய்தவர் தன் நிமிடங்களைத் தனியாக எழுத வேண்டும். மெர்ஜ் ஆகி 30 நாள்வரை அந்த டிக்கெட்டில் பக் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். டிக்கெட் பிரிக்கும் பாணியை நடுவில் மாற்றாதீர்கள்.

எத்தனை டிக்கெட் வேண்டும் என்பதில்தான் பலரும் ஏமாறுவது. மென்பொருள் வேலை நேரம் பயங்கரமாகச் சிதறும். அந்தச் சிதறலை மடக்கை அளவில் நியம விலகல் 0.8 என்று வைத்து, வழக்கமான 5 விழுக்காடு பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காணும் வாய்ப்பு), 80 விழுக்காடு திறன் (இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு) என்று கணக்குப் போட்டால், 55.8 விழுக்காடு போன்ற பிரம்மாண்ட வித்தியாசத்தைப் பிடிக்கச் சுமார் 30 டிக்கெட்டே போதும். வேகம் 26 விழுக்காடு கூடும் வித்தியாசத்தைப் பிடிக்க 400-ஐ நெருங்க வேண்டும். ஐந்து பேர் குழு மூன்று மாதத்தில் 120 டிக்கெட் முடித்தால், ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம்தான் கண்ணில் படும். ஆகவே சோதனை முடிவில் "12 விழுக்காடு வேகம்" என்று யாராவது ஸ்லைடு போட்டால் அது இரைச்சல். விளம்பர எண் உங்கள் கோடில் உண்மையா என்பதற்குப் பதில் கிடைக்கும்; ரிவியூ நிமிடம் எவ்வளவு ஏறுகிறது, மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் இடைவெளி எவ்வளவு, எந்த மாட்யூலில் கருவி திரும்பத் திரும்பச் சறுக்குகிறது என்பவையும் தெரியவரும். வாங்கும் முடிவுக்கு அவை போதும்.

சோதனையைத் தொடங்கும் முன் அமைப்புகளில் மூன்று வேலை இருக்கிறது. பொதுக் கோடோடு பொருந்தும் பரிந்துரைகளைத் தடுக்கும் வடிகட்டியைப் போடுங்கள். சுமார் 150 எழுத்துகள் அளவில் அது ஒப்பிடுகிறது, உரிமப் பிரச்சினைக்கு அது ஒரு குறைந்தபட்ச வேலி. ரகசியச் சாவி, வாடிக்கையாளர் டேட்டா உள்ள கோப்புகளை உள்ளடக்க விலக்கில் சேருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் எடிட்டரில் அது நடைமுறைக்கு வர 30 நிமிடம்வரை ஆகலாம். முக்கியமாக, 2025-ன் ஆவணங்களின்படி அந்த விலக்கு ஏஜென்ட் முறைக்குப் பொருந்தாது. விலக்கில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சாவிகள் ரெப்போவில் (கோட் வைக்கும் களஞ்சியத்தில்) இருக்கவே கூடாது. மூன்றாவது, மேலே சொன்ன உள்ளூர் விதிகளை ரெப்போவின் குறிப்புக் கோப்பில் சுருக்கமாக எழுதுவது. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் பலன் குறையும்.

பிசினஸ் திட்டத்தில் உங்கள் கோட் மாடல் பயிற்சிக்குப் போகாது என்பது கிட்ஹப்பின் உறுதி. வங்கிக்கு வேலை செய்பவர்களுக்கு அது மட்டும் போதாது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆர்எம்ஐடி (தொழில்நுட்ப இடர் மேலாண்மை) கொள்கை வங்கியைக் கட்டுப்படுத்துகிறது. வங்கி உங்கள் ஒப்பந்தத்தின் வழியாக உங்களைக் கட்டுப்படுத்தும். மூலக் கோட் மூன்றாம் தரப்பின் சேவைக்குப் போகலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பக் கண்டுபிடிக்க வாடிக்கையாளரின் மைகார்டு எண்ணோடு லாக்கை அரட்டையில் ஒட்டும் பழக்கத்தையும் முதல் நாளே நிறுத்துங்கள். தனிநபர் தரவுச் சட்டத் திருத்தத்தால் 2025 ஏப்ரல் முதல் தரவைக் கையாளும் ஒப்பந்த நிறுவனங்களுக்கும் பாதுகாப்புப் பொறுப்பு நேரடியாக வந்துவிட்டது.

பினாங்கு, பாயான் லெப்பாஸ் பக்கம் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) எழுதுபவர்களுக்குத் தனிக் குறிப்பு. மேலே சொன்ன வேக ஆய்வுகள் எவையும் ஆசிலோஸ்கோப் பக்கத்தில் வைத்து எழுதும் சி கோடைத் தனியாக எடுத்து அளந்தவை அல்ல. ரெஜிஸ்டர் முகவரியையும் பிட் இடத்தையும் நம்பிக்கையோடு தப்பாகச் சொல்வது, வோலட்டைல் என்ற குறிச்சொல்லை விட்டுவிடுவது, நினைவக ஒதுக்கீட்டை ஓடும்போது செய்வது எல்லாம் வரும்; கடைசியது மிஸ்ரா எனும் பாதுகாப்பான சி கோட் விதிகளுக்கும் ஆகாது. சிப் நிறுவனம் ரகசிய ஒப்பந்தத்தில் கொடுத்த ஹெடர் கோப்புகள் எடிட்டரில் திறந்திருந்தால் அவையும் சூழலாகப் போகும். பைத்தானில் எழுதும் சோதனைக் கருவி ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் இரண்டு லைசென்ஸ் எடுத்துப் பார்ப்பது நியாயமான தொடக்கம். ஃபர்ம்வேருக்கு இப்போதைக்கு எங்கள் பரிந்துரை இல்லை.

சோதனைக்குப்பின் லைசென்ஸைக் குறைப்பது சுலபம்: ஆளை நீக்கினால் நடப்பு பில் சுழற்சி முடியும்வரை ஓடி, பிறகு நிற்கும். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொருவரின் கடைசிப் பயன்பாட்டுத் தேதி இருக்கிறது. 30 நாள் தொடாதவருடையதை எடுத்துவிடலாம். அவர் பெரும்பாலும் குழுவிலேயே பழைய கோடை நன்றாக அறிந்த மூத்தவராக இருப்பார். "அண்ணே, நீங்களும் போட்டுப் பாருங்க" என்று அவரை நச்சரிக்க வேண்டாம். எம்இடிஆர் சோதனையில் நேரம் கூடியது அவரைப் போன்றவர்களுக்குத்தான். அந்த லைசென்ஸைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுங்கள், மூத்தவரின் நேரத்தைப் புதியவரின் புல் ரிக்வெஸ்டைப் படிப்பதற்கு ஒதுக்கி வையுங்கள்.